மூக்கு மருத்துவரிடம் போகும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்

காரைக்குடியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். உள்ளே வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஸ்கேன் உறையை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தேதியில் ஆரம்பித்தது?" என்பதுதான். நேரான பதில் கிடைப்பது அபூர்வம். "ரொம்ப நாளாக", "மழை ஆரம்பித்ததிலிருந்து", "பேத்தி காதுகுத்துக்குப் போய் வந்ததிலிருந்து" என்பார்கள். காதுகுத்து பரவாயில்லை, அழைப்பிதழைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

சைனஸ் தொற்றை மருத்துவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறோம், என்ன கொடுக்கிறோம், சில நேரம் ஏன் கொடுக்க மறுக்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்களே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக அல்ல. மருத்துவரின் அறையில் உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்காமல் இருப்பதற்காக.

ஒரு துண்டுக் காகிதம் போதும். சளி தொடங்கிய தேதி. இடையில் குறைந்து மறுபடி கூடியதா. காய்ச்சல் எத்தனை டிகிரி (தொட்டுப் பார்த்ததைச் சொல்லாதீர்கள், தெர்மாமீட்டரில் பார்த்ததைச் சொல்லுங்கள்). அடைப்பும் வலியும் ஒரு பக்கமா, இரு பக்கமா. சளியில் நாற்றம் உண்டா. சாம்பாரின் மணம் தெரிகிறதா. மேல் பல்லில் வலியோ, அண்மையில் பல் வேலையோ உண்டா. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை போட்டு எப்போதாவது மூச்சு இறுகியிருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள். கர்ப்பமாக இருந்தால் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். "வெள்ளையாக, நீளமாக ஒரு மாத்திரை" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது.

நாள் கணக்கு ஏன்?

முக எலும்புகளுக்குள் சைனஸ் என்னும் காற்றறைகள் நான்கு இணைகளாக இருக்கின்றன. கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக ஒன்று, மூக்கின் ஆழத்தில் மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒன்று. இவற்றின் உட்சவ்வு நாள் முழுவதும் சளியைச் சுரக்கிறது. அது சிறு வாசல்கள் வழியாக மூக்குக்குள் இறங்க வேண்டும். கன்ன அறையின் அமைப்புதான் வேடிக்கை: அடியில் குழாய் வைக்காமல் மேல் விளிம்பில் மட்டும் துளை விட்ட தண்ணீர்த் தொட்டி அது. சளி தானாக வழிந்து வெளியேறாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ரோமங்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சாதாரண ஜலதோஷத்தில் சவ்வு வீங்கி வாசல் அடைபடுகிறது, ரோமங்களும் சோர்ந்துவிடுகின்றன. உள்ளே தேங்குகிறது, முகம் கனக்கிறது.

இந்தத் தேக்கம் ஏறத்தாழ எல்லா ஜலதோஷத்திலும் வரும். அதைச் செய்வது வைரஸ். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் அசையாது. பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் நூற்றுக்கு இரண்டு அளவில்கூட பாக்டீரியா தொற்றாக மாறுவதில்லை. அந்தச் சிலரைப் பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு எங்களிடம் இருக்கும் சிறந்த கருவி நாள் கணக்குதான்.

வைரஸ் சளி மூன்று, நான்கு நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். பத்து நாள் ஆகியும் துளிக்கூடக் குறையவில்லை என்றால் பாக்டீரியா என்று சந்தேகிப்போம். ஐந்தாறு நாளில் நன்றாகக் குறைந்து, "சரியாகிவிட்டது" என்று வேலைக்குக் கிளம்பிய பிறகு காய்ச்சலும் தலைவலியும் கெட்டிச் சளியும் திரும்பி வந்தால், அதுவும் அப்படியே. தொடக்கத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும், சீழ் போன்ற சளியோ முகவலியோ மூன்று, நான்கு நாள் விடாமல் இருந்தாலும் காத்திருக்க மாட்டோம். இந்த மூன்றில் எதிலும் சேராதவர்களுக்கு ஓய்வும் பொறுமையும்தான் மருந்துச்சீட்டு. அதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது.

சளி பச்சையாக இருக்கிறது என்று கைக்குட்டையை விரித்துக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிறம் உங்கள் வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். அவை சண்டை போடுகின்றன என்பதற்குத்தான் அது சாட்சி. எதிரி வைரஸா பாக்டீரியாவா என்பதை நிறம் சொல்லாது.

நான்கு வாரத்துக்குள் முடிந்துவிட்டால் குறுகியகால நோய். 12 வாரத்தைத் தாண்டினால் நாள்பட்ட நோய். அதற்குக் காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ வந்து, இடையில் முழுதாகக் குணமாகிறவர்கள் தனி வகை. இப்போது தெரிகிறதா, நான் ஏன் தேதியைக் கேட்டு நச்சரிக்கிறேன் என்று?

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

மூக்கைத் தொடுவதற்கு முன் முகத்தைப் பார்ப்பேன். கண்ணிமை வீங்கியிருக்கிறதா, கன்னம் இரண்டும் சமமா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறீர்களா என்று. பிறகு புருவத்தின் உள் ஓரத்திலும் கன்ன எலும்பின் கீழும் கட்டைவிரலால் அழுத்துவேன். அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் துள்ளுகிறதா என்பதே எனக்கு வேண்டிய தகவல். மேல் கடைவாய்ப் பற்களைக் கருவியால் மெல்லத் தட்டுவதும் உண்டு. அந்தப் பற்களின் வேர் கன்ன அறையின் தரையை ஒட்டியே இருக்கிறது. வேரில் சீழ் பிடித்தால் அறைக்குள் ஏறிவிடும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் நான் முதலில் பல் மருத்துவரிடம்தான் அனுப்புவேன். பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அது திரும்பி வரும்.

அடுத்து, நாக்கை அழுத்தும் எஃகுத் தகட்டை மூக்கின் கீழே பிடித்து மூச்சுவிடச் சொல்வோம். இரு பக்கமும் படியும் ஆவியின் அளவைப் பார்த்து எந்தத் துவாரம் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். செலவே இல்லாத சோதனை. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் மாணவர்களாக முதலில் கற்றதும் இதைத்தான்.

பிறகு தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒரு சிறு விரிப்பானால் மூக்குத் துவாரத்தை அகலப்படுத்திப் பார்ப்போம். கூசும், வலிக்காது. தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளாமல் இருந்தால் நொடிகளில் முடியும். நடுச்சுவர் வளைந்திருக்கிறதா, பக்கச் சதைமடிப்புகள் சிவந்து வீங்கியிருக்கின்றனவா அல்லது ஒவ்வாமையில் வருவதுபோல் வெளிறிப்போயிருக்கின்றனவா, சீழ் எங்கிருந்து இறங்குகிறது என்று பார்க்கிறோம். வாயைத் திறக்கச் சொல்வது தொண்டையின் பின்சுவரில் சளி வழிகிறதா என்று பார்க்க. இரவு இருமலுக்குக் காரணம் பல பேருக்கு அதுதான்.

நடுச்சுவர் வளைவு என்று எழுதிக் கொடுத்ததும் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. நேர்கோடு போட்டதுபோல் நடுச்சுவர் உள்ளவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வளைவு இருப்பதாலேயே அறுவை சிகிச்சை தேவை என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

இவ்வளவிலேயே பெரும்பாலோருக்கு முடிவு தெரிந்துவிடும். எண்டோஸ்கோப், அதாவது மூக்குக்குள் விட்டுத் திரையில் பார்க்கும் மெல்லிய குழாய், எல்லாருக்கும் தேவையில்லை. நாள்பட்டவர்கள், அடிக்கடி வருகிறவர்கள், மருந்துக்கு மசியாதவர்கள், ஒரு பக்கம் மட்டும் தொல்லை உள்ளவர்கள் ஆகியோருக்குச் செய்கிறோம். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் மூக்கில் வைத்து எடுத்துவிட்டு, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை உள்ளே செலுத்துவோம். திரையில் நீங்களும் பார்க்கலாம். பார்க்க விருப்பம் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம், ஆனால் மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், வாயால் மெல்ல விடுங்கள். முதலில் மூக்கின் தரையோடு பின்னால் வரை போவோம், பிறகு மேலே ஆழத்து அறையின் வாசலுக்கு, கடைசியாக நடு மடிப்பின் கீழ். கன்னம், நெற்றி, முன்பக்கக் கண்ணிடை அறைகள் மூன்றும் அந்த மடிப்பின் கீழேதான் திறக்கின்றன. அங்கே சீழ் நின்றால் வாதத்துக்கு இடமில்லை. தேவைப்பட்டால் அதிலிருந்தே சிறிது எடுத்து எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க அனுப்புவோம். தொண்டையும் மரத்திருக்கும், அது தெளியும்வரை காப்பி குடிக்க வேண்டாம்.

எங்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊருணியிலும் கண்மாயிலும் மூழ்கிக் குளிக்கிறவர்களுக்கு, மூக்கில் சிவந்து, வெண்புள்ளிகளோடு, தொட்டாலே ரத்தம் கசியும் சதை வளரலாம். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதிகம். அடைப்பு, சளி, இடையிடையே ரத்தம் என்று சைனஸ் தொற்றுபோலவே வந்து நிற்கும். ஆன்டிபயாடிக்குக்குக் கரையாது. வெட்டியெடுத்து வேரைச் சுட வேண்டும். ஆகவே குளத்தில் குளிக்கும் பழக்கம் உண்டா என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கு ஒற்றைப் பக்கம் நாற்றச் சளி என்றால் பெரும்பாலும் உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ இருக்கும். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, அது சில மணி நேரத்திலேயே மூக்கை அரித்துவிடும்.

அந்த ஸ்கேன் உறை

1994-ல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87 சதவீதத்தினரின் கன்ன அறைகளில் மாற்றம் தெரிந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தபோது, ஆன்டிபயாடிக் இல்லாமலேயே பெரும்பாலும் தெளிந்திருந்தது. ஜலதோஷத்தின் நடுவில் ஸ்கேன் எடுத்தால் "சைனசைட்டிஸ்" என்றுதான் அறிக்கை வரும். அது உங்களைப் பயமுறுத்தப் பயன்படுமே தவிர, வைரஸையும் பாக்டீரியாவையும் பிரித்துச் சொல்லாது. எக்ஸ்ரே இன்னும் மோசம். அதை நான் எழுதுவதே இல்லை.

சி.டி.க்கு வேலை இருக்கும் இடம் வேறு: நாள்பட்ட நோயை உறுதிசெய்ய, அறுவை சிகிச்சைக்கு முன் வரைபடமாக, கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கிறதா என்று அவசரமாகப் பார்க்க. அறுவைக்காக எடுப்பதென்றால் முதலில் மருந்து கொடுத்து, சளி தணிந்த பிறகு எடுப்பதே சரி. அப்போதுதான் மருந்துக்கு அடங்காதது எது என்று தெரியும்.

இன்னொன்று. வலி மட்டும் உண்டு, அடைப்பும் கெட்டிச் சளியும் இல்லை என்றால் அது சைனஸாக இருக்க வாய்ப்புக் குறைவு. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். அதனால்தான் குழப்பம். வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல், குமட்டலோடு, அறையை இருட்டாக்கிப் படுத்துக்கொள்கிறவர் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியவர்.

காத்திருக்கும் நாள்களில்

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால். தூங்கும்போது தலையைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகள், அதாவது ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவை, நிமிடங்களில் வேலை செய்யும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போட்டால் மருந்து தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அதற்காக மறுபடி சொட்டு, இப்படியே ஆண்டுக்கணக்கில் சட்டைப்பையில் சொட்டுப் புட்டியோடு திரிகிறவர்களை எனக்குத் தெரியும். மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் ஃபீனைலெப்ரின் இருக்கும். வாய்வழி எடுத்தால் அது அடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவே சொல்லிவிட்டது. அதே மாத்திரையில் இருக்கும், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து, ஒவ்வாமை இல்லாதவர்களுக்குச் சளியை இறுக்கத்தான் செய்யும்.

நொச்சி இலை ஆவி பிடிக்கலாமா என்று கேட்காத நாளில்லை. இதமாக இருக்கிறதென்றால் பிடியுங்கள். அந்த ஆவி சைனஸ் அறைக்குள் போய்க் கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்பாதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் முன் வைத்துப் போர்வையால் மூடவே கூடாது. ஆவியால் வெந்து வரும் குழந்தைகள் ஏராளம். கற்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தையின் மூக்கில் தடவினால் வலிப்பு வரை போகலாம். சுக்குப் பத்தும் நீர்க்கோவை மாத்திரையும் நெற்றிமேல் போடுகிறவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நுண்ரோமங்களுக்குப் புகையைப்போல் எதிரி வேறில்லை. பீடி, சிகரெட்டுக்கும் அதே கதைதான்.

மூக்கைக் கழுவுவது

என் மருந்துச்சீட்டிலேயே மலிவானதும் பயனுள்ளதும் இதுதான். ஒழுங்காகச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்ததாக மட்டுமே இருக்க வேண்டும். நன்றாகக் குமிழ் வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம். கேன் தண்ணீரானாலும், வீட்டு ஆர்.ஓ. தண்ணீரானாலும் இதே விதிதான். காரணம் நெய்க்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கின் வழி ஏறினால் மூளையைத் தின்னும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டு மூக்கைக் கழுவிய இருவர் அதனால் இறந்தார்கள். கேரளத்தில் 2024 முதல் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி அடுத்தடுத்து வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத தூள் உப்பும், ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போதும். அளந்து கலந்த பொட்டலங்கள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன, முதலில் அதிலேயே பழகுங்கள். வெறும் தண்ணீர் மூக்கில் எரியும். எரிந்தால் உப்பு குறைவு அல்லது மிக அதிகம் என்று பொருள்.

வெதுவெதுப்பான நீரை அழுத்திப் பீய்ச்சும் புட்டியில் ஊற்றிக்கொண்டு, வாஷ்பேசின்மேல் நன்றாகக் குனியுங்கள். வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லிக்கொண்டே ஒரு துவாரத்தில் மெல்ல அழுத்துங்கள். "ஆ" சொல்லும்போது தொண்டைக்குள் தண்ணீர் இறங்காது. மறு துவாரம் வழியாக வெளியேறும். விழுங்க வேண்டாம். புட்டியில் பாதி ஒரு பக்கம், மீதி மறு பக்கம். முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் பிடித்துக்கொண்டு சீந்தாதீர்கள். அழுக்கு காதுக்குள் ஏறும். ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக. ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பு மாட்டக் குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டினால் பயப்பட வேண்டாம், அது உள்ளே தங்கிய மிச்சம். காதுவலி இருக்கும்போதும், மூக்கு முற்றிலும் அடைத்திருக்கும்போதும் செய்யக் கூடாது. புட்டியைத் தினமும் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே புட்டியைப் பயன்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கழுவிய பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு ஸ்பிரே. மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் போன்றவை. ஸ்டீராய்டு என்றதும் முகம் மாறுகிறது. மூக்குக்குள் அடிக்கும் இந்த அளவில் உடலில் கலப்பது மிகச் சொற்பம். புதுப் புட்டியைக் குலுக்கி, பனிபோல் வரும்வரை காற்றில் சில முறை அடியுங்கள். தலையை அண்ணாக்க வேண்டாம், சற்றே முன்னால் சாயுங்கள். வலத் துவாரத்துக்கு இடக் கை, இடத் துவாரத்துக்கு வலக் கை. இப்படிச் செய்தால் முனை தானாகக் காதுப் பக்கம் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும், மருந்தும் வீண். பலமாக உறிஞ்சினால் நேரே தொண்டைக்குப் போய்விடும். பூவை முகர்வதுபோல் போதும். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

ஆன்டிபயாடிக் எப்போது

"டாக்டரம்மா, தலையில் நீர் கோத்திருக்கிறது. வற்ற ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்பார் ஆச்சி ஒருவர். ஆச்சி, அப்படி ஓர் ஊசி கிடையாது.

மேலே சொன்ன நாள் கணக்கில் ஒன்று பொருந்தினால் ஆன்டிபயாடிக் பற்றிப் பேசலாம். அப்போதும் காய்ச்சல் இல்லாமல், மறுபடி வந்து பார்க்கக்கூடியவராக இருந்தால் இன்னும் சில நாள் பார்ப்பதும் முறையான சிகிச்சையே. கொடுப்பதென்றால் முதல் தேர்வு அமாக்ஸிசிலின், அல்லது அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது. பெரியவர்களுக்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள். சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால் வயிறு கெடுவது குறையும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. நம் ஊரில் யார் கேட்டாலும் கிடைக்கும் அஸித்ரோமைசின் இந்த நோய்க்கு முதல் தேர்வு அல்ல. முக்கியக் கிருமியான நிமோகாக்கஸ் அதற்குப் பழகிவிட்டது. போன முறை மிச்சம் வைத்த மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை இரண்டும் வேண்டாம். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். தொடங்கி மூன்று நாளாகியும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் திரும்பி வாருங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், சில நேரம் நோயின் பெயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

இவற்றுக்கு மறுநாள் டோக்கன் வாங்கிக் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்: கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல், கண் முன்னால் பிதுங்குதல், நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, குழப்பமான பேச்சு. சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற எலும்புதான். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் கன்னம் மரத்துப்போவது, மூக்கிலோ மேலண்ணத்திலோ கறுப்பாகத் தெரிவது இரண்டும் பூஞ்சையின் அறிகுறி. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் நாட்டில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்த கறுப்புப் பூஞ்சை அது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அந்த நோயில் மணிக்கணக்குதான் கண்ணையும் உயிரையும் தீர்மானிக்கிறது.

12 வாரம் தாண்டினால்

இதைத் தொற்று என்பதைவிட ஆறாத அழற்சி என்பதே சரி. அதனால் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. ஒவ்வாமையா, மூக்கில் பாலிப் என்னும் வெளிறிய சதை வளர்ந்திருக்கிறதா, பல்லா, கன்ன அறையில் திரண்ட பூஞ்சையா, ஆஸ்துமாவும் கூட இருக்கிறதா என்று தேடுவோம். கழுவலும் ஸ்பிரேயும் மாதக்கணக்கில் தொடரும். பாலிப் பெரிதாக இருந்தால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதுண்டு; சர்க்கரை ஏறும் என்பதால் சர்க்கரை நோயாளிகள் அந்த நாள்களில் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். டூப்பிலுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் பாலிப்புக்காக அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான், விலைதான் நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டவில்லை.

இவ்வளவுக்கும் அடங்காதபோது எண்டோஸ்கோப் வழி அறுவை. முன்பெல்லாம் மேலுதட்டைத் தூக்கி, ஈறை வெட்டி, கன்ன எலும்பில் துளை போட்டுச் சுரண்டுவார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர், சளி எந்த வழியாக ஓடுகிறது என்று எண்டோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துச் சொன்ன பிறகு, இயற்கை வாசலையே அகலப்படுத்துவது என்று முறை மாறியது. முகத்தில் தழும்பு கிடையாது, மயக்க மருந்து உண்டு. கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால் அபாயம் அறவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அரிதானவை, ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிப் உள்ளவர்களுக்கு மறுபடி வளரலாம். அறுவைக்குப் பிறகு ஸ்பிரே நேரே அறைக்குள் போய்ச் சேரும் என்பதுதான் லாபம். ஸ்பிரேயை நிறுத்துவதற்கான அனுமதி அல்ல.

மூக்கில் பஞ்சோ பட்டையோ அடைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுப்போம். சில நாள் ரத்தம் கலந்த சளி வரும். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சீந்தக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக, குனியும்போது அதிகமாக வந்தால் அன்றே கூப்பிடுங்கள். உள்ளே படியும் பொருக்கை எடுக்க முதல் சில வாரங்களில் வரச் சொல்வோம். "நன்றாக இருக்கிறேனே" என்று வராமல் இருந்தால் பொருக்கு ஒட்டி வாசல் மறுபடி மூடிக்கொள்ளும். அப்படி வரும்போது கழுவும் புட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள். என் எதிரிலேயே ஒரு முறை கழுவிக் காட்டச் சொல்வேன்.